காரைக்குடி பக்கம் காலேஜ் சேரும் டிஸ்லெக்ஸியா பையன்: பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடக் கிடைத்தால் போதுமா?

பள்ளத்தூர்_அம்மா
8 ஜூன் 2024, காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுமத்துல ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன். இன்னிக்குத்தான் எழுதுறேன்.

என் பையனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதுலயும் எழுதுறதுலயும் சிரமம். அஞ்சாவது படிக்கும்போது தெரிஞ்சது. பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டு பொதுத்தேர்வுக்கும் கூடுதலா ஒரு மணி நேரம், சொல்றதை எழுத ஒரு ஆள், ரெண்டுமே கெடச்சுது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே எல்லாத் தாளையும் பார்த்து அனுப்பிட்டாங்க. நான் கையெழுத்து போட்டதோட சரி.

இப்ப பி.காம். சீட் கெடச்சிருக்கு. கணக்குப்பதிவியல் அவனுக்கு நல்லா வரும். வாய்க்கணக்குல என்னையே தூக்கிச் சாப்பிடுவான். படிக்கிறதும் எழுதுறதும்தான் இழுக்கும். சேர்க்கை அன்னிக்கு ஆபீஸ்ல விசாரிச்சேன். "அதெல்லாம் ஸ்கூலோட முடிஞ்சிருச்சும்மா, டிகிரியில அப்படி எதுவும் கெடையாது"ன்னுட்டாங்க. பக்கத்துல நின்னவர், "பையனைப் பார்த்தா நல்லாத்தானே இருக்கான்?"னார். அது அவன் காதுல விழுந்திருச்சு. வீட்டுக்கு வந்ததும், "இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா, நான் சமாளிச்சுக்கிறேன்"ங்கிறான்.

நெசமாவே காலேஜ்ல ஒண்ணும் கெடையாதா? இருந்தா யார்கிட்ட போய்க் கேக்கணும்? அவன் வேண்டாம்னு சொல்லும்போது நான் போய்ப் பேசலாமா? இந்தக் கடைசிக் கேள்விதான் தூங்கவிட மாட்டேங்குது.

---

சிவகங்கைச்சீமை
8 ஜூன் 2024, காலை 11:40

அக்கா, ஆபீஸ்ல சொன்னது தப்பு. தெரியாம சொல்லியிருப்பாங்க.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைதான், இதில் 21. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராஃபியா (கையால் எழுதுவதில் சிரமம்) எல்லாம் அதில் அடக்கம். ஆட்டிசமும் பட்டியலில் உண்டு. அரசு நிதியோ அங்கீகாரமோ உள்ள எந்தக் கல்வி நிறுவனத்துக்கும், மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துப் படிப்பிக்கச் சொல்லும் பிரிவு 16 பொருந்தும். அதைச் செயல்படுத்துவது எப்படி என்பதைச் சொல்லும் பிரிவு 17-ல் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று எல்லாம் எழுதியே இருக்கிறது. 12-ஆம் வகுப்போடு இது முடியும் என்று எங்கேயும் இல்லை. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்பது பிரிவு 32.

யாரிடம் கேட்பது என்றால், முதலில் அந்தக் கல்லூரி, பரீட்சையைத் தானே நடத்திக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரியா என்று பாருங்கள். ஆமென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கல்லூரிக்குள்ளேயே இருப்பார். இல்லையென்றால் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளுக்குப் பரீட்சை நடத்துவது அழகப்பா பல்கலைக்கழகம். விண்ணப்பம் துறைத்தலைவர், முதல்வர் வழியாக அங்கே போகணும். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு ஒரு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

இன்னொன்று. பையனுக்கு 18 ஆகிவிட்டதா? 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பீடு செய்து வாங்கணும். 18-ல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். பழைய சான்றிதழை நீட்டினால் "காலாவதி" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிவகங்கை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டு, மருத்துவக் குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கேட்காமல் பஸ் ஏறினால் ஒரு நாள் போச்சு. யு.டி.ஐ.டி. கார்டுக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) அப்போதே ஆன்லைனில் பதிந்துவிடுங்கள்.

---

நெறியாளர்
8 ஜூன் 2024, மதியம் 12:05

கல்லூரிப் பெயரோ ஆபீஸில் பேசியவர் பெயரோ யாரும் இங்கே போட வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசலாம்.

---

நேர்கோடு
8 ஜூன் 2024, மதியம் 2:31

கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் சலுகை கொடுத்தது சரி, சின்னப் பையன். டிகிரி என்பது வேலைக்குப் போவதற்கு. நாளைக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்தால் "எனக்கு ஒரு மணி நேரம் கூட வேணும்" என்று கேட்க முடியுமா? பக்கத்து பெஞ்சில் கிராமத்திலிருந்து தமிழ் மீடியம் படித்து வந்த பையன் இருப்பான், அவனும்தான் ஆங்கிலத்தில் எழுதத் திணறுவான். அவனுக்கு யார் கொடுப்பார் ஒரு மணி நேரம்? போலிச் சான்றிதழ் வாங்கிச் சலுகை அனுபவிக்கிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

கண்டனூர்க்காரன்
8 ஜூன் 2024, மதியம் 2:50

வந்துட்டாருய்யா.

---

விரல்நுனி
8 ஜூன் 2024, மாலை 5:18

நேர்கோடு அண்ணே, எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. எம்.ஏ. தமிழ் முடிச்சிருக்கேன். இந்தப் பதிவையும் போன் வாசிச்சுக் காட்டக் கேட்டுத்தான் பதில் எழுதுறேன்.

ஆடிட்டர் ஆபீஸ்ல யாரும் மூணு மணி நேரம் பூட்டி வச்சு, புத்தகம் பார்க்காம, கையால நாப்பது பக்கம் எழுதச் சொல்றதில்லை. வேலையில கம்ப்யூட்டர் இருக்கு, டேலி இருக்கு, எழுத்துப் பிழை திருத்தி இருக்கு. பரீட்சைக் கூடத்துலதான் ஒண்ணுமே கெடையாது. வேலையைக் காட்டி பரீட்சையில மறுக்குறது எனக்குச் சரியாப் படலை. உச்சநீதிமன்றமும் இதைப் பேசியிருக்கு. 2021 பிப்ரவரி 11-ல விகாஷ் குமார் வழக்குல தீர்ப்பு வந்துச்சு. அவருக்கு எழுதும்போது கை இழுத்துப் பிடிச்சுக்கும். சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எழுதுபவர் கேட்டார், தேர்வாணையம் முடியாதுன்னுச்சு. 40 சதவீதம் இருந்தாத்தான் எழுதுபவர்னு சொல்ல முடியாது, எழுத முடியாத நிலை இருந்தாலே கொடுக்கணும்னு நீதிமன்றம் சொல்லிருச்சு. அதே வருஷம் நவம்பர்ல அவ்னி பிரகாஷ்ங்கிற மாணவி வழக்கு. டிஸ்கிராஃபியா உள்ள பொண்ணு, நீட் எழுதும்போது கூடுதல் நேரம் கொடுக்காம தாளை வாங்கிட்டாங்க. அதுலயும் தேர்வு நடத்தினவங்க செஞ்சது தப்புன்னுதான் தீர்ப்பு.

தமிழ் மீடியம் பையனுக்கும் உதவி வேணும்ங்கிறது உண்மை. அவனுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க, நானும் சேர்ந்து கேக்குறேன். அவனுக்குக் கெடைக்கலைங்கிறதால இவனுக்கும் வேண்டாம்னா எப்படிண்ணே?

பள்ளத்தூர் அம்மாவுக்கு: எழுதுபவர் விஷயத்துல உஷாரா இருங்க. 2018 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்ல, நாமே ஆளைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கு. அவர் படிப்பு நம்ம படிப்புக்கு ஒரு படி கீழே இருக்கணும். அவங்களே ஆள் கொடுத்தா, பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரைப் பார்த்துப் பேசி, சரிப்படுவாரான்னு பார்த்துக்க நமக்கு உரிமை இருக்கு. பாடத்துக்கு ஒருத்தர்னு வேற வேற ஆளையும் கேக்கலாம். இது எதுவும் எனக்கு இளங்கலையில தெரியாது. பரீட்சை அன்னிக்கு பெல் அடிச்சப்புறம்தான் ஆளே வந்தாங்க. சங்கப் பாட்டை சீர் பிரிச்சு சொல்லச் சொல்ல, ஒற்று எங்க வரும், எது றகரம்னு அந்தப் புள்ளைக்குத் தெரியலை. ஒவ்வொரு எழுத்தா சொல்லி முடிக்கறதுக்குள்ள கூடுதல் நேரம் அதுலயே கரைஞ்சு போச்சு.

அம்மா தலைப்புல கேட்டிருக்கீங்களே, போதுமான்னு. போதாது. எனக்குப் பரீட்சை ஒரு செமஸ்டருக்கு ரெண்டு வாரம். மத்த அஞ்சு மாசமும் வாத்தியார் அனுப்புற பி.டி.எஃப். தான் கொன்னுச்சு. பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல அடிச்ச நோட்ஸ். கண்ணுக்குத் தமிழாத் தெரியும், உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துதான். திரைவாசிப்பான் அதைத் திறந்தா, "தமிழ்"ங்கிற சொல்லை "ஜே கே பி ஓ செமிகோலன்"னு வாசிக்கும். முழு அலகும் அப்படித்தான். 2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடுதான் தரம்னு சொல்லியாச்சு. நம்ம துறை வாத்தியார்கள்கிட்ட இன்னும் பாமினிதான் ராஜா.

---

பேரேடு
8 ஜூன் 2024, இரவு 9:05

வணிகவியல் ஆசிரியர். இந்த வட்டாரத்தில்தான் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

ஆசிரியர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் 60, 70 பேர். சேர்க்கை முடிந்து பட்டியல் வரும்போது அதில் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும், இன்னாருக்கு இன்ன தேவை என்று ஒரு வரிகூட இருக்காது. ஆபீஸில் கொடுத்த சான்றிதழ் ஆபீஸ் கோப்பிலேயே தூங்கும். முதல் இன்டர்னலில் பையன் வெற்றுத்தாள் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும், அதற்குள் "சோம்பேறி" என்று ஸ்டாஃப் ரூமில் முடிவு கட்டியிருப்போம். ஆகவே அம்மா, முதல்வரிடம் கொடுக்கும் கடிதத்தின் நகல் ஒன்றை வகுப்பு ஆசிரியர் கையில் நேராகக் கொடுங்கள்.

இன்டர்னலை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 25 மதிப்பெண் உள்மதிப்பீடு, 75 செமஸ்டர். பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுத்துவிட்டு, உள்தேர்வுக்கு ஒன்றும் கிடையாது என்பார்கள். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பதுதான் விதி. ஒரு மணி நேர உள்தேர்வு என்றால் 20 நிமிடம். கடிதத்தில் இதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பாடத்துக்கு வருவோம். டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர்கள் கணக்குப்பதிவியலில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பற்றும் (டெபிட்) தெரியும், வரவும் (கிரெடிட்) தெரியும், குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போது இலக்கம் இடம் மாறிவிடும். 1,863 போட வேண்டிய இடத்தில் 1,683. இருப்பாய்வில் பற்று, வரவு இரண்டின் மொத்தமும் பொருந்தாது, பையன் வேர்த்துப்போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் அடித்து எழுத ஆரம்பிப்பான், நேரம் போய்விடும். அவனுக்கு ஒரு பழைய குறுக்குவழி சொல்லிக்கொடுங்கள். வித்தியாசத் தொகையை 9-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் வித்தியாசம் 180, ஒன்பதால் வகுத்தால் 20. வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகை எங்கேயாவது இருக்கிறதா, பற்றுக்குப் பதில் வரவில் போட்டுவிட்டானா என்றும் பார்க்கலாம். எல்லாவற்றையும் அடிக்காமல் அந்த ஒரு பதிவை மட்டும் தேடினால் போதும். இந்த ஊரில் ஐந்தொகை போட்ட பழைய கணக்குப்பிள்ளைகளுக்கெல்லாம் இது தண்ணிபட்ட பாடு, இப்போது பாடத்திட்டத்தில் யாரும் சொல்வதில்லை.

கோடு போட்ட கணக்குத்தாளில் பற்றுப் பக்கத்துக்கு ஒரு வெளிர்நிறம், வரவுப் பக்கத்துக்கு வேறொன்று தீட்டிக்கொண்டு பழகிய மாணவி ஒருத்தி இருந்தாள். பரீட்சைத் தாளில் அப்படித் தீட்ட முடியாது, ஆனால் அதற்குள் கை பழகிவிட்டிருந்தது.

நேர்கோடு சொன்ன போலிச் சான்றிதழ் நடக்காமல் இல்லை. பிடிப்பது மருத்துவக் குழுவின் வேலை. வகுப்பறையில் நான் ஒவ்வொருவனையும் திருடனாகப் பார்க்க முடியாது.

---

கண்டனூர்க்காரன்
8 ஜூன் 2024, இரவு 11:52

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எனக்கு ஏ.டி.ஹெச்.டி., கவனம் ஒரு இடத்துல நிக்காது. போன வருஷம்தான் டாக்டர் சொன்னாரு, அதுவரைக்கும் "ஒழுங்கீனம்".

என் சிக்கல் வேற. 21 வகைப் பட்டியல்ல ஏ.டி.ஹெச்.டி. தனியா இல்லை. கூட டிஸ்லெக்ஸியாவோ வேற ஏதாவதோ இருந்தாத்தான் சான்றிதழ் பக்கம் போகமுடியும். அதனால எனக்கு யு.டி.ஐ.டி. கிடையாது. சீமை அண்ணே, எனக்கு ஏதாவது வழி இருக்கா?

சான்றிதழ் இல்லாமலே ஒரே ஒரு மேடம் செஞ்ச உதவி சொல்றேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எல்லாருக்கும் மாசக் கடைசின்னு ஒரே தேதியில கேப்பாங்க. எனக்கு மட்டும் "வெள்ளிக்கிழமை முதல் அத்தியாயம், அடுத்த வெள்ளி ரெண்டாவது"ன்னு வெட்டிக் கொடுத்தாங்க. அவ்வளவுதான். அந்த ஒரு பேப்பர்லதான் எனக்கு அரியர் இல்லை.

பள்ளத்தூர் அம்மா, உங்க பையன் சொல்லாதீங்கன்னு சொன்னா எனக்குப் புரியுது. நானும் என் க்ளாஸ்ல சொல்லலை. சொன்னா அப்புறம் எல்லாத்துக்கும் அதுதான் காரணம்பாங்க, நான் நல்லா செஞ்சாக்கூட.

---

சிவகங்கைச்சீமை
9 ஜூன் 2024, காலை 7:20

தம்பி, விரல்நுனி சொன்ன விகாஷ் குமார் தீர்ப்புதான் உனக்கும் பிடி. அதற்குப் பிறகு 2022 ஆகஸ்டில் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் எழுதுவதில் சிரமம் இருந்தால் எழுதுபவர், கூடுதல் நேரம் என்று மத்திய அரசு தனியாக வழிகாட்டுதல் போட்டது. அது எழுதும் சிரமத்துக்கு மட்டும்தான். கவனச்சிதறலுக்கு நேராகப் பொருந்தும் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் தனி அறை, முன் பெஞ்சு, தவணைத் தேதி, இதற்கெல்லாம் சட்டம் தேவையில்லை. மனநல மருத்துவரின் கடிதத்தோடு துறைத்தலைவரிடம் கேள். மறுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

---

ரப்பர்புஷ்
9 ஜூன் 2024, காலை 9:44

ஊன்றுகோல்காரன். நடுவுல புகுந்துட்டேன், மன்னிக்கணும். கல்வி உதவின்னா எல்லாரும் பரீட்சையைத்தான் பேசுறோம், வகுப்புக்குள்ள போறதையே யாரும் பேசலை.

நம்ம ஊர்க் கட்டடங்களைத்தான் தெரியுமே. தரையிலிருந்து மூணடி உசரத்துல திண்ணை, ஏறினா நிலைப்படி, தாண்டினா முற்றம், முற்றத்தைச் சுத்தியுள்ள வளவுல ஆத்தங்குடிக் கல் தரை. கல்யாண போட்டோவுக்கு அருமையா இருக்கும். மழை பெஞ்சு முற்றத்துத் தண்ணி வளவுல தெறிச்சா, தேங்கா எண்ணெய் போட்டுத் துடைச்ச அந்தக் கல்லுல ஊன்றுகோல் ரப்பர் நிக்கவே நிக்காது. அந்த மாதிரி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து கோச்சிங் சென்டர் நடத்துனாங்க. போட்டித் தேர்வுக்குப் படிக்கப் போய், ரெண்டாவது வாரமே நிறுத்திட்டேன்.

காலேஜ்ல சரிவுப் பாதை போட்டாச்சுன்னு போர்டு வைப்பாங்க. போய்ப் பார்த்தா சறுக்குமரம். ஓரடி ஏற பன்னண்டு அடி நீளம் வேணும்ங்கிறதுதான் விதி. மூணடி உசரத்துக்கு முப்பத்தாறு அடி, நடுவுல நின்னு மூச்சு வாங்க சமதளம் வேற. ஆறடியில முடிச்சிருக்காங்க. தரச்சான்று குழு வரும்போது போட்டோ எடுக்க அது போதும்.

நான் டிகிரி படிச்சப்ப எதுவும் கட்டலை, எங்க வகுப்பை மாடியிலிருந்து கீழே மாத்தினாங்க. செலவு ஒத்தை ரூபா இல்லை. மூணு வருஷமும் அந்த வகுப்புக்கே கீழ்த்தளம். மாத்தச் சொல்லி முதல்வர்கிட்ட போய் நின்னது என் கூடப் படிச்ச பசங்க, நான் கேக்கக்கூட இல்லை.

---

ஒலியும்_வரியும்
9 ஜூன் 2024, காலை 11:30

நான் சிறப்பாசிரியர். பள்ளிப் பிள்ளைகளோடுதான் அதிகம் வேலை, சிலர் கல்லூரிக்குப் போன பிறகும் தொடர்பில் இருக்கிறார்கள்.

தமிழில் டிஸ்லெக்ஸியா எப்படித் தெரியும் என்று பல விரிவுரையாளர்களுக்கே தெரியாது. ல, ள, ழ குழப்பம் எல்லாருக்கும் இருக்கும், அது வேறு. இவர்களுக்குக் கொம்பு பெரிய தொல்லை. "கொ" என்று எழுத ஒலி "க"வில் தொடங்குகிறது, கண்ணுக்கு முதலில் கொம்பு வருகிறது, அப்புறம் க, அப்புறம் கால். காதில் ஒரு வரிசை, தாளில் இன்னொரு வரிசை. அவசரத்தில் கால் விட்டுப்போகும், "கொண்டு" "கெண்டு" ஆகிவிடும். பிழை திருத்துகிறவர் அதைப் பார்த்து "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைகூட இப்படி எழுதாது" என்று ஓரத்தில் எழுதுவார். பதிலில் விஷயம் முழுசாக இருக்கும்.

அம்மா, பி.காம். என்றால் முதல் இரண்டு வருடம் பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் உண்டு. அவனுக்கு அரியர் விழுந்தால் அங்கேதான் விழும், கணக்குப்பதிவியலில் விழாது. பிரிவு 17 மொழி விலக்கைச் சொன்னாலும் பல்கலைக்கழகம் விதியில் அதை எப்படி வைத்திருக்கிறது என்று எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் விலக்கைவிட, எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள் என்று கேட்பதையே விரும்புவேன். தமிழ்ப் பாடம் அவனுக்குக் காதால் பிடிக்கக்கூடும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. அவன் வேண்டாம் என்கிறபோது நீங்கள் போய் வகுப்பில் பேசாதீர்கள். பள்ளியில் அவன் குழந்தை, நீங்களும் தலைமை ஆசிரியையும் முடிவெடுத்தீர்கள். கல்லூரியில் கையெழுத்து அவனுடையது. ஆனால் "சொல்வது" என்பது ஒரே செயல் இல்லை. தேர்வுப் பிரிவுக்குச் சொல்வது வேறு, வகுப்பாசிரியருக்குச் சொல்வது வேறு, பெஞ்சுத் தோழனுக்குச் சொல்வது வேறு. முதலாவது மட்டும் போதும் என்று அவன் சொல்லலாம், கொஞ்ச நாள் கழித்து இரண்டாவதுக்கு அவனே வரலாம். ஆபீஸ் கவுன்ட்டரில் நாலு பேர் முன்னால் கேட்டதில்தான் அவனுக்குக் குத்தியிருக்கிறது.

இன்னொரு பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆட்டிசம் உள்ளவன். படிப்பில் புலி. ஏப்ரல், மே பரீட்சையும் ஊர்த் திருவிழாவும் ஒன்றாக வரும், தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி. மற்றவர்கள் பத்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள், அவனால் அந்தச் சத்தத்தைத் தாண்டி ஒரு வரி எழுத முடியாது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அவன் கேட்டது அது இல்லை. சத்தம் வராத பின்பக்க அறையும், காதுக்கு மூடியும்தான் கேட்டான். காதுமூடி "காப்பி அடிக்கும் கருவி"யாக இருக்குமோ என்று சந்தேகம். கடைசியில் கண்காணிப்பாளரே கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சிறப்புக் கல்விக்கென்று ஒரு துறை இருக்கிறது. ஊருக்குள் அப்படியொரு துறை இருக்க, பக்கத்துக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் பயிற்சிக்காவது அங்கிருந்து ஆளைக் கூப்பிடலாமே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம்.

---

நேர்கோடு
9 ஜூன் 2024, மதியம் 1:15

பேரேடு சார் சொன்ன 9 கணக்கு எனக்கே தெரியாது, நன்றி. கீழ்த்தளத்துக்கு வகுப்பை மாற்றுவது, நோட்ஸை யூனிகோடில் கொடுப்பது, இதெல்லாம் எனக்கு முழுச் சம்மதம். எல்லாருக்கும் பயன். எழுதுபவர் விஷயத்தில் மட்டும் என் சந்தேகம் போகவில்லை. எழுதுகிறவனே பதிலையும் சொல்லிவிட்டால் யார் பார்ப்பது?

---

விரல்நுனி
9 ஜூன் 2024, மதியம் 1:58

அதனாலதாண்ணே எனக்கே எழுதுபவரைவிட கம்ப்யூட்டர்ல நானே அடிக்கிறது பிடிக்கும். 2018 வழிகாட்டுதல்லயே கம்ப்யூட்டர்ல எழுதவும் இடம் இருக்கு. என்.வி.டி.ஏ.ங்கிற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம், இன்டர்நெட் இணைப்பு இல்லாமலும் ஓடும். கேட்டா, "எங்ககிட்ட சிஸ்டம் இல்லை"ம்பாங்க. லேப்ல வரிசையா தூசி தட்டாம கெடக்கும்.

---

பள்ளத்தூர்_அம்மா
15 ஜூன் 2024, மாலை 6:40

எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனக்கலை. ஒண்ணு விடாம அவனுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரப்பர்புஷ் தம்பி சறுக்குமரம்னு எழுதினதுக்குச் சிரிச்சான். கண்டனூர்க்காரன் எழுதினதை ரெண்டாவது தடவை வாசிக்கச் சொன்னான்.

மருத்துவக் குழுவுக்கு நாள் கேட்டு வச்சிருக்கோம். அவனுக்குப் போன மாசம்தான் 18 முடிஞ்சுது, இந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும்னா நல்லதுதான். கடிதம் அவனே எழுதுறேன்னுட்டான். போன்ல பேசி, அது எழுத்தாக்கி, நான் பிழை மட்டும் பார்த்தேன். தேர்வுப் பிரிவுக்கு ஒண்ணு. வகுப்பாசிரியருக்கு இப்ப வேண்டாமாம், முதல் மாசம் போகட்டும்கிறான். சிறப்பாசிரியர் அம்மா சொன்னபடி விட்டுட்டேன். மனசு கேக்கலை, ஆனாலும் விட்டுட்டேன்.

அவனே ஒரு கேள்வி கேக்கணுமாம். கீழே அவன் பேசினது அப்படியே:

"வணக்கம் எனக்கு பாடத்தை படிச்சுக் காட்ட ஆள் வேண்டாம் போன்லயே கேட்டுக்குவேன் போர்டுல எழுதறதை காப்பி பண்றதுதான் முடியாது நான் மூணாவது வரி எழுதறப்ப சார் அழிச்சுடுவாங்க போட்டோ எடுக்க விட்டா போதும் ஆனா காலேஜ்ல போன் கூடாதுன்னு ரூல் இருக்கு போன் பிடிச்சா சீஸ் பண்ணிடுவாங்களாம் இதுக்கு மட்டும் பர்மிஷன் வாங்க முடியுமா வகுப்புல எல்லாருக்கும் தெரியாம"

---

பேரேடு
15 ஜூன் 2024, இரவு 8:22

முடியும் தம்பி. தேர்வுப் பிரிவுக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே முதல்வர் பெயரையும் சேர்த்து, "கரும்பலகையைப் படம் எடுக்க மட்டும் கைபேசி அனுமதி" என்று ஒரு வரி போடு. முதல்வர் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொள், யாராவது பிடித்தால் காட்டு. காரணத்தை வகுப்பில் விளக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை.

இன்னொரு வழி, வகுப்பு முடிந்து அழிப்பதற்கு முன் ஒருவர் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று நான் என் வகுப்பில் பழக்கியிருக்கிறேன். லீவு போட்டவனுக்கும் உதவும், யாருக்காக என்று கேள்வியே வராது. உன் வகுப்பு ரெப் ஒத்துக்கொண்டால் அனுமதிகூடத் தேவைப்படாது, பெரும்பாலான சார்கள் இதற்குக் கண்டுகொள்ள மாட்டார்கள். சிலர் கண்டுகொள்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

விரல்நுனி
15 ஜூன் 2024, இரவு 9:10

தம்பி, போட்டோவை அப்படியே வச்சுக்காதே. கூகுள் டிரைவ்ல ஏத்தி, டாக்ஸா திறந்தா தமிழ் எழுத்தாவே மாத்திக் கொடுத்துடும். கையெழுத்து மோசமா இருந்தா சொதப்பும், அச்சுல இருந்தா பெரும்பாலும் சரியா வரும். வாத்தியார் அனுப்புற பி.டி.எஃப்.ல விரலை அழுத்திப் பிடி. எழுத்து தேர்வாச்சுன்னா போன் வாசிக்கும், ஆகலைன்னா அது வெறும் படம், அதையும் இதே மாதிரி மாத்தணும். பாமினியில வந்தா என்.எச்.எம். கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டு யூனிகோடா மாத்திக்கலாம்.

முதல்ல வேகத்தைக் குறைச்சு வச்சுக் கேளு. பழகினப்புறம் ஏத்திக்கலாம். நான் வைக்கிற வேகத்துல என் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை புரியாது. முதல் செமஸ்டர் நோட்ஸ் எது பாமினியில வந்தாலும் எனக்கு அனுப்பு, ஞாயித்துக்கிழமை மாத்தி அனுப்பிடுறேன். பகுதி ஒன்று தமிழ்னா நோட்ஸே வேண்டாம், செய்யுளை நானே வாசிச்சு ஒலிப்பதிவா அனுப்புறேன்.

---

கண்டனூர்க்காரன்
15 ஜூன் 2024, இரவு 11:37

அண்ணே எனக்கும் அனுப்புங்க, நான் இன்ஜினியரிங்தான், சும்மா கேக்கறதுக்கு.